உள்ளே பெய்த உறைபனி

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த ஒரு விடியலில், தேன்கொம்பைக் குடியிருப்பில் வீட்டுக்குள் இருந்தது வெளியே போய்விட்டது, வெளியே இருந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் அதைப் பார்த்தவள் பவளக்கொடி. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களிலேயே முதலில் எழுகிறவள் அவள்தான். அன்று அடுப்புப் பற்றவைக்க எழுந்தபோது அடுப்படியில் மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பாத்திரங்களின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருந்தது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பூச்சி தலையைத் தூக்கி, கடிக்க ஒரு கால் தேடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வாசலில் ஒரு காலை வைத்தாள். வாசல் மண், பிள்ளை தூங்கி எழுந்த பாயைப்போல வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகச் சற்று நேரம் நின்றவள், கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து, மாட்டியிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போட உட்கார்ந்தாள்.

எதிர் வரிசையில், தன் வீட்டு நிலைக்கு உள்ளே நடுங்கிக்கொண்டு நின்ற ஞானப்பூ கேட்டாள்: "என்னாக்கா, வெளிய ஒக்காந்து தேத்தண்ணி போடுற?"

"வெளிய நிக்கிறது நீ. நான் வீட்டுக்குள்ள வந்து ரொம்ப நேரமாச்சு. வா, வந்து குடி."

யாரும் பெரிதாக வியக்கவில்லை. வியப்பதற்கு வேண்டிய தெம்பு அதற்கு முந்தைய மழையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

தோட்டத்தில் எங்கள் பழைய லைன் வீடுகளை மண் சரிந்து கொண்டுபோன பிறகு, அரசாங்கம் எங்களுக்குத் தந்தவை லாரியில் வந்த வீடுகள். இரண்டு சிமெண்ட் அட்டைகள், அவற்றுக்கு நடுவே மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு, ஓர் அட்டையின் பின்னால் ஒட்டிய, ஆவியை விடாத பிளாஸ்டிக் தாள்; இதற்குப் பேனல் என்று பெயர். கடலோரப் பட்டணம் ஒன்றில், பகல் முழுக்க ஏசி ஓடுகிற ஒரு பெரிய கட்டடத்துக்காகச் செய்தவை அவை. அந்தக் கட்டடம் கட்டப்படவில்லை. அதனால் சுவர்கள் மலையேறி எங்களிடம் வந்தன, பட்டணத்துக்கு வரைந்த படத்தோடு. அந்தப் படத்தில் இருந்தபடியே பிளாஸ்டிக் தாள் வெளிப்பக்கம் பார்க்க அவற்றை நிறுத்தி முடுக்கிவிட்டுப் போனார்கள்.

பஞ்சு தானாகக் குளிரைத் தடுப்பதில்லை. பஞ்சின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் தடுக்கிறது. அந்தக் காற்றை ஆடாமல் பிடித்து வைப்பது மட்டுமே பஞ்சின் வேலை. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் சோற்றுக் கொதியும், குளிக்கக் காய்ச்சிய தண்ணீரின் ஆவியும், நாள் முழுக்க மலையில் நனைந்து வந்து அடுப்பைச் சுற்றிக் கொடியில் போட்ட சட்டைகளின் ஈரமும், பிள்ளைகளின் இருமலும், பெரியவர்களின் பெருமூச்சும், மண்ணுக்குள் போனவர்களை நினைத்து விட்ட கண்ணீரும் உள் அட்டையின் வழியாக நுழைந்து, பஞ்சைக் கடந்து, வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளில் போய் முட்டின. முட்டிய இடத்தில் குளிர்ந்து தண்ணீராயின. அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. காற்று நின்ற இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் உட்கார்ந்த பஞ்சு வழியாக எங்கள் அடுப்பின் சூடும் உடம்பின் சூடும் ஓட்டைக் குடத்திலிருந்து போவதுபோல் போயின. பஞ்சு கனத்தது, கனத்தது சரிந்தது, சுவரின் இடுப்புக்குக் கீழே செத்த ஆட்டைப்போல் உப்பிக் கிடந்தது, மேல் பாதியில் ஒன்றுமே இல்லை. சுவரைத் தட்டினால் மேலே தகர டப்பாச் சத்தமும் கீழே தவளைச் சத்தமும் கேட்டன.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை. ஆடியிலேயே வீட்டு வாரியத்திலிருந்து அதிகாரி வந்தார். கோவர்த்தனன் என்று பெயர். மழைக்கோட்டைக் கழற்றாமலே எல்லா வீட்டையும் பார்த்தார். அவரோடு வந்த இளம் பொறியாளர் நிரஞ்சனா, ஞானப்பூ கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "சார், தாள் வெளிப்பக்கம் இருக்கு. கீழ பட்டணத்துல வெளிய வெக்கை, உள்ள ஏசி, அங்க அது சரி. இங்க குளிர் வெளிய, ஆவி உள்ள. அப்படியே திருப்பி மாட்டணும்."

"டிராயிங்ல எப்படி இருக்கோ அப்படித்தான் மாட்டியிருக்கு."

"டிராயிங் வேற ஊருக்குப் போட்டது சார்."

அவர் எங்கள் பக்கம் திரும்பி, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார். ஈரம் உங்களால்தான் வருகிறது, வீட்டுக்குள் துணி காயப்போடாதீர்கள், தண்ணீரை ஓயாமல் கொதிக்க வைக்காதீர்கள், ஒரே அறையில் இத்தனை பேர் படுத்தால் இத்தனை பேர் மூச்சும் சுவரில்தானே போய்ச் சேரும், உங்கள் பழக்கவழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

பவளக்கொடி கேட்டாள்: "மூச்ச எவ்ளோ கொறைக்கணும் சார்? பாதி விட்டாப் போதுமா?"

சிரித்தோம். அவரும் சிரித்தார். நாங்கள் சிரித்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சுவர் எந்த ஊருக்காகப் பிறந்ததோ, அந்த ஊரில் குளிர்ந்த அறைக்குள் இருப்பவர்கள் மனிதர்கள், அதற்கு வெளியே இருப்பது வெறும் புழுக்கம். அதனால் எங்களை அது புழுக்கம் என்றே எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கம்தான் வெளி, மலைச்சரிவும் காற்றும் இருக்கிற பக்கம்தான் வீடு என்று அது ஒரு மழைக்காலம் முழுக்க அழுத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கார்த்திகையில், சுவர் சொன்னதை வானமும் நம்பிவிட்டது.

அதற்குப் பிறகு மழை கூரைக்குக் கீழே மட்டும் பெய்தது. இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே இருந்த சரிவு, அதன் ஓரத்துக் கோழிக்கூண்டு வரைக்கும், ஒரே அறையாகிவிட்டது. மேலே வானம் திறந்து கிடந்தாலும் அங்கே ஒரு துளி விழவில்லை, காற்றும் அடுப்பைச் சாய்க்கவில்லை. நாங்கள் சாமி படங்களை எடுத்து வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். கட்டில்களையும் பீரோக்களையும் தேயிலைச் செடிகளுக்கு முதுகு காட்டி வரிசையாக வைத்தோம். செருப்பை நிலைக்கு உள்ளே விட்டுவிட்டு வாசலுக்கு வரும் வழக்கம் ஒரு வாரத்தில் படிந்தது. வெங்காயமோ உப்போ எடுக்க உள்ளே போக வேண்டியவர்கள், தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு, "வெளிய போயிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சமையலறைத் தரைகளில் புல் முளைத்தது, பரணில் பெரணி முளைத்தது. ஞானப்பூ வீட்டுக்குள் ஒரு காட்டெருமை மேய வந்து, அவள் கல்யாணப் பட்டுப்புடவையின் மேல் படுத்து அசைபோட்டது. அவள் வாசலில் நின்று அதை மரியாதையாக எழுப்பி அனுப்பினாள்.

சுவர் இல்லாத அறைக்குரிய தொல்லைகளும் வந்தன. யார் வீட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வீட்டுச் சண்டையில் எதிர் வரிசையிலிருந்து தீர்ப்புச் சொன்னார்கள். புதிதாகக் கல்யாணமான சகாயமும் அவன் மனைவியும் தனிமை வேண்டும்போது குடையும் கம்பளியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். திரும்பி வரும்போது இருவர் மூக்கும் சிவந்திருக்கும். "என்னடா சகாயம், வெளிய நல்ல குளிரா?" என்று கிழவர்கள் கேட்பார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் குழம்பினார். "நான் இப்ப எங்க நின்னு தட்டணும், சொல்லுங்க" என்று பாதையில் நின்று கேட்டார். நடு வீட்டில் நிற்கிறீர்கள், உட்காருங்கள் என்று முக்காலியைப் போட்டோம்.

கீழே ஊர்களிலிருந்து கார் எடுத்துக்கொண்டு சிலர் பார்க்க வந்தார்கள். அறைக்குள் பனி விழுவதைப் படம் எடுத்தார்கள். எவ்வளவு அழகு, உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் நல்லவள்தான். எனக்கு அவள் கையை உதறத் தோன்றியது.

மார்கழிப் பிறப்பில் பவளக்கொடியின் மருமகள் யோகராணிக்கு, நாள் நிறையும் முன்பே, அந்தப் பொது அறையில் சேலைகளைச் சுற்றிப் பிடித்த மறைவில் ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு கைக்குள் அடங்குகிற பிள்ளை. தோல் வழியாக உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது. பார்க்க வந்த நர்ஸ், பிள்ளையை யோகராணியின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, சேலையால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டு, "இவனுக்குக் குளிர் ஆகாது. பால் கூட அப்புறம்தான். மொதல்ல சூடு. நெஞ்சுல குளிர் எறங்குச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவனுக்கு எலிக்குஞ்சு என்று பாட்டிக்காரி பேர் வைத்தாள். எல்லோருடைய சூட்டையும் ஒரு மழைக்காலமாகக் குடித்திருந்த அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே யோகராணி அவனை வளர்த்தாள். அவன் அழக் கற்றுக்கொண்டான். பிறகு பால் குடிக்கக் கற்றுக்கொண்டான். கட்டை விரலைப் பிடித்தால் விடாமல் பிடிக்கிறான் என்று அவன் அப்பன் தவராசன் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னான். அந்த நாட்களில் நாங்கள் பேசியதெல்லாம் அவன் எத்தனை முறை பால் குடித்தான் என்பதைப் பற்றித்தான்.

அப்போதுதான் கோவர்த்தனன் மறுபடியும் வந்தார். இந்த முறை அவரோடு ஒரு போட்டோக்காரரும் இருந்தார். மலையில் வந்த வீடுகளை யாரோ பெரியவர்களுக்குக் காட்டப் போகிறார்களாம். வெளியே இருந்த கட்டில்களை, பீரோக்களை, சாமி படங்களை அவர் தாண்டித் தாண்டி நடந்தார். காலில் ஷூ இருந்தது.

"யாருமே வீட்டுல இல்லையே" என்றார்.

"எல்லாரும் வீட்டுலதான் சார் இருக்கோம்" என்றார் தபால்காரர். அன்று அவரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

"வீடுன்னா நாலு சுவருக்கு உள்ள. ஒதுக்குன வீட்டுல குடியிருக்கலைன்னா காலி வீடுன்னு எழுதிடுவோம். காலி வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடலாம். குடும்பத்தோட உள்ள நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான் கேக்குறேன்." அவர் கண் யோகராணியின் மேல் விழுந்தது. "இந்தக் குடும்பமே நிக்கட்டும். கைக்குழந்தை இருந்தா நல்லா இருக்கும்."

நிரஞ்சனா குறுக்கே வந்தாள். "சார், அந்தக் குழந்தைய வேணாம். உள்ள உறைபனி."

"ரெண்டு நிமிஷம்மா."

யோகராணி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தவராசன் அவள் அருகே குந்தி, எல்லோருக்கும் கேட்கும் ரகசியக் குரலில் கெஞ்சினான். "ஒரு போட்டோதான புள்ள. எடுத்த ஒடனே வந்துடலாம். ஒரு வீட்ட மண்ணு கொண்டு போச்சு. இதையும் விட்டுட்டு இவனத் தூக்கிக்கிட்டு எந்த ரோட்டுல நிக்கிறது?" அவனைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஒவ்வொருவர் வீடும் அந்தப் போட்டோவில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் எங்களில் யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அவள் எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே தவராசனும் போட்டோக்காரரும் கோவர்த்தனனும் போனார்கள்.

உள்ளே எதுவும் தெரியவில்லை. போட்டோக்காரர், "ஒரே வெள்ளையா இருக்கு சார், மூஞ்சியே விழல" என்றார். "கலையட்டும், நில்லுங்க" என்றார் கோவர்த்தனன். கலையவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஜன்னல் வழியே எங்கள் அறையின் வெதுவெதுப்பு உள்ளே போனது, போன இடத்திலேயே புகையாகிப் பனி இரட்டிப்பாகத் திரண்டது. "இன்னும் கொஞ்சம்" என்றார். பிள்ளை அழுவது கேட்டது. அழுகை மெலிந்தது. நூலாகத் தொங்கியது. பிறகு அந்த நூலும் இல்லை.

"அத்தே" என்று யோகராணியின் குரல் மட்டும் வந்தது. "இவன் அழ மாட்டேங்குறான்."

பவளக்கொடி கொங்காணி போடாமல் உள்ளே போனாள். மருமகளின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மகன் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். போட்டோக்காரர் மகனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் உதடு நாவற்பழம்போல் கறுத்திருந்தது. சுவரில் வைத்துப் பார்த்தோம், எங்கள் நெஞ்சுகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மூச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சைப்போல் வந்தது. பாதையில் வாரியத்து ஜீப், என்ஜின் சூடு ஆறாமல் நின்றிருந்தது.

"சார் சொல்லாம எடுக்க முடியாதும்மா" என்றார் டிரைவர்.

"சார் வீட்டப் பாத்துக்கிட்டிருக்காரு. நல்லாப் பாக்கட்டும். நீ எடு" என்றாள் பவளக்கொடி.

நிரஞ்சனா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "எடுங்க அண்ணே. என் பேரச் சொல்லிக்கங்க." தாயும் தகப்பனும் பிள்ளையும் பின்னால் ஏற, ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது.

பவளக்கொடி திரும்பி வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, அவரைக்காய்க் கூடையை இழுத்து நார் உரிக்கத் தொடங்கினாள். நாங்களும் ஆளுக்கொரு கைப்பிடி எடுத்துக்கொண்டோம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஹலோ. கதவு எந்தப் பக்கம்?"

"யாரோ வெளிய கூப்பிடுற மாதிரி இருக்குல்ல" என்றாள் ஞானப்பூ.

"காத்தா இருக்கும்."

"யாராவது வாங்க. ஒண்ணும் தெரியல. இங்க என்னமோ கால்ல ஏறுது."

"அட்டைதான் சார்" என்று பவளக்கொடி குரலை உயர்த்தாமலே சொன்னாள். "அதுவும் குடியிருக்கணும்ல. நீங்க மூச்ச மட்டும் கொஞ்சம் கொறச்சு விடுங்க. ஜாஸ்தி விட்டா பனி ஜாஸ்தியாகும். எல்லாம் பழக்கந்தான்."

கதவு பூட்டப்படவில்லை. அதை அன்றும் சொன்னோம், பிறகு வந்த விசாரணையிலும் சொன்னோம். எவ்வளவு நேரம் அவரை அங்கே விட்டீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் கடிகாரங்கள் எல்லாம் உள்ளே உறைந்து நின்றுவிட்டன, தெரியாது என்றோம். அவர் செத்துப்போகட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அவரைக் கூப்பிட எழுந்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவரைக்காய் முழுவதும் நறுக்கி முடித்த பிறகும் வரவில்லை. கடைசியில் பவளக்கொடிதான் முனகிக்கொண்டு எழுந்து, நிலைக்குள் கையை நீட்டினாள். அவர் கதவுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். வெளியே வந்தவருக்குப் பல் தந்தியடித்தது, மீசையில் பனி இருந்தது.

"குளிருது" என்றார்.

ஆடியிலிருந்து எங்கள் எல்லோர் வாயும் அவரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் அது.

அடுத்த வாரமே வாரியத்து ஆட்கள் வந்தார்கள். ஸ்பேனரை வைத்துப் போல்ட்டைக் கழற்றி, சரிந்து கிடந்த பஞ்சை உருவி எறிந்தார்கள்; மஞ்சள் போய்க் கறுத்து, ஊறி, எங்கள் மழைக்காலம் முழுவதும் நாற்றமாக அதில் இருந்தது. உலர்ந்த பஞ்சை வைத்து, பேனலைத் திருப்பி, தாள் உள்பக்கம் வரும்படி முடுக்கினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார்கள். கடைசிப் போல்ட் இறுகியதும் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வெளியே சட்டென்று காற்று வீசி, எங்கள் கட்டில்களில் மழை விழத் தொடங்கியது. சாமி படங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினோம். உள்ளே புல் வாடிக்கொண்டிருந்தது, தரை காய்ந்துகொண்டிருந்தது.

தைப் பொங்கல் கழிந்து யோகராணி பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பிழைத்துவிட்டான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் நெஞ்சில் ஒரு விசில் இருந்தது, ஓட்டை ஊதலைக் குழந்தைகள் ஊதுவதுபோல. குளிர் வரும்போதெல்லாம் இது வரும், வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவராசன் ஆர்வமாக அவளை உள்ளே அழைத்துப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். கதகதப்பாக, காய்ந்து, நல்ல வீட்டுச் சுவர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"எவ்ளோ நாளாச்சு இத மாத்த?" என்று கேட்டாள்.

"நாளா? நம்ம வீட்டுக்கு ஒரு காலைப்பொழுதுதான் புள்ள. சாப்பாட்டுக்கு முன்னயே முடிச்சிட்டானுங்க."

அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளையின் விசில் அறை முழுக்கக் கேட்டது.

"இவ்வளவுதானா" என்றாள்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்தி, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டி, வாரியத்து ஆபீசுக்குக் கீழே போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். குளிர் அடிக்குது, பிள்ளைய என்கிட்டக் குடுத்துட்டுப் போ என்று பவளக்கொடி கையை நீட்டினாள்.

"இல்ல அத்தே. இவன் சத்தந்தான் அவங்க கேக்கணும்."

பவளக்கொடி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு அவளும் தன் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டினாள். ஞானப்பூ செருப்பைத் தேடினாள். பஸ் நிறையும் அளவுக்கு நாங்கள் இருந்தோம்.